வெளிநாட்டுக் கிளப்பில் ஸ்ட்ரைக்கராகக் காலூன்றுவது எப்படி

ஐவரி கோஸ்ட் நாட்டு ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்க முன்னால் நிற்கும் ஆட்டக்காரர்) டிடியே ட்ரோக்பா தன் முதல் தொழில்முறை கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டபோது அவருக்கு வயது 21. பெரிய அகாடமிகளில் வளர்ந்த பையன்கள் அந்த வயதுக்குள் இரண்டு மூன்று சீசன் ஆடி முடித்திருப்பார்கள். இவரோ பிரான்ஸின் இரண்டாம் டிவிஷனில் லெ மான் என்ற ஊர்க் கிளப்பில், கூடவே கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டு, அடிக்கடி காயம் பட்டுக்கொண்டு இருந்தார். இரண்டாவது சீசனில் ஒரு கோல்கூட இல்லை. 2004இல் இங்கிலாந்தின் செல்சி கிளப் அவரை 24 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியது. இடையில் நடந்தது மந்திரம் ஒன்றும் இல்லை: லெ மான், கேங்காம், மார்செய் என்று ஒவ்வொரு கிளப்பிலும் ஆட்டம் கிடைத்தது, ஆடினார், அடுத்த படிக்குப் போனார்.

வேறு நாட்டுக்குப் போய் ஆடப்போகிற ஃபார்வர்டுக்கும் (ஸ்ட்ரைக்கர்தான்), அதைவிட முக்கியமாக அவர் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். டிஃபெண்டருக்கும் கோல்கீப்பருக்கும் பேப்பர் வேலை இதேதான். ஆனால் ஸ்ட்ரைக்கருக்கு ஒரு கூடுதல் தலைவலி உண்டு. வெளிநாட்டுக்காரருக்கு என்று இருக்கிற சொற்ப இடங்களில் ஒன்றைக் கொடுத்து உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால் கோல் அடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள். உள்ளூர்ப் பையன் ஆறு மேட்ச் கோல் இல்லாமல் ஆடினால் "வளர்ந்துகொண்டிருக்கிறான்" என்பார்கள், நீங்கள் ஆறு மேட்ச் ஆடினால் "இவனுக்கா இவ்வளவு காசு" என்பார்கள். அதனால் எந்தக் கிளப் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, இங்கே எனக்கு எத்தனை நிமிடம் ஆட்டம் கிடைக்கும் என்பதுதான். சம்பளம், ஊர், ஜெர்சியின் பெருமை எல்லாம் அதற்கு அப்புறம்.

18 வயதுக்கு முன்னால் யாராவது கூப்பிட்டால்

கொஞ்சம் நில்லுங்கள். 18 வயதுக்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியில் 19ஆவது பிரிவு பொதுவாக அனுமதிப்பதில்லை. விலக்குகள் சில உண்டு: பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக (வேலை, அகதி நிலை மாதிரி) குடிபெயர்ந்திருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் மாறினால், எல்லையோரத்தில் வீடு இருந்தால். பெரிய கிளப் கூப்பிட்டால் விதி வளையும் என்று நினைக்காதீர்கள். பதின்ம வயதுப் பையன்களைச் சேர்த்த விவகாரத்தில் 2014இல் பார்சலோனாவுக்கே ட்ரான்ஸ்ஃபர் தடை (புது ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்று) விழுந்தது. அங்கே இருந்த கொரியப் பையன்கள் 18 வயது ஆகும்வரை அதிகாரபூர்வ ஆட்டம் ஆட முடியாமல் பயிற்சி மட்டும் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வளர வேண்டிய வயதில் அது எவ்வளவு பெரிய இழப்பு!

ட்ரோக்பா ஐந்து வயதிலேயே ஐவரி கோஸ்டிலிருந்து பிரான்ஸுக்குப் போனாரே என்று கேட்கலாம். அவர் போனது கிளப்புக்கு இல்லை, அங்கே தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த தன் மாமா மிஷெல் கோபா வீட்டுக்கு. வீட்டு ஞாபகம் தாங்காமல் சில வருடத்தில் அபிஜானுக்குத் திரும்பி, பிறகு மறுபடி போய், கடைசியில் பெற்றோரும் பாரிஸ் பக்கம் குடிவந்த பிறகுதான் ஓர் இடத்தில் நிலைத்தார். சிறு வயதில் ரைட் பேக்காக (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரராக) ஆடிக்கொண்டிருந்த பையனை முன்னால் போய் ஆடச் சொல்லித் தள்ளியதும் அந்த மாமாதான். குடும்பத்தோடு குடிபெயர்ந்து வளர்வதும் ஓர் ஏஜென்ட் கையில் பிள்ளையைக் கொடுத்து அனுப்புவதும் ஒன்றல்ல.

ட்ரையல்ஸ் என்று சொல்லிக் காசு கேட்டால்

ஒழுங்கான கிளப் தேர்வுக்குக் காசு வாங்காது. இதை எத்தனை பேர் எத்தனை தடவை சொன்னாலும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிள்ளைகள் நிலத்தை விற்றுக் காசு கட்டி, பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் "ஏஜென்ட்" போனை அணைத்துவிட, தெருவில் நிற்கிற கதை தொடர்ந்து நடக்கிறது. அப்படிக் கைவிடப்பட்ட பையன்களுக்கு உதவத்தான் கேமரூனின் முன்னாள் ஆட்டக்காரர் ஜான்-க்ளோத் எம்வூமன் பிரான்ஸில் 'ஃபுட் சாலிடேர்' அமைப்பைத் தொடங்கினார்.

சரிபார்ப்பது எளிது. அழைப்புக் கடிதம் வந்தால் அதில் இருக்கிற நம்பருக்கு அழைக்காதீர்கள், கிளப்பின் அதிகாரபூர்வ தளத்தில் இருக்கிற நம்பருக்கு அழைத்து "இந்தப் பெயரில் ஆள் வரச்சொல்லியிருக்கிறீர்களா" என்று கேளுங்கள். திரும்பி வருகிற டிக்கெட் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். பாஸ்போர்ட்டைப் "பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. 2023 முதல் ஏஜென்ட் வேலை செய்ய ஃபிஃபா நடத்தும் தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும், பட்டியல் ஃபிஃபா தளத்திலேயே இருக்கிறது. சொந்தக்காரர் என்றாலும் லைசென்ஸ் இல்லாமல் பேரம் பேச முடியாது, சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் விதி. ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொண்டுவந்தால் அவருக்கு விதி தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

எந்த நாடு என்பதை உங்கள் பாஸ்போர்ட்டும் முடிவு செய்யும்

இதை ரசிகர்கள் யாரும் பேசுவதில்லை, ஆனால் ஒரு புலம்பெயர் ஆட்டக்காரரின் பாதையில் பாதியைத் தீர்மானிப்பது இதுதான். பிரான்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் ஒரு அணியில் நான்கு பேர்தான் என்ற வரம்பு உண்டு, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தோடு போட்ட கொட்டோனு ஒப்பந்தத்தில் இருந்த ஆப்பிரிக்க நாடுகளின் ஆட்டக்காரர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஐவரி கோஸ்ட், செனெகல், மாலி ஆட்கள் பிரெஞ்சு லீக்கில் நிறையத் தெரிவதற்கு மொழி ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. ஸ்பெயினில் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவருக்குச் சொற்ப இடம்தான். ஜெர்மனியில் அப்படி உச்சவரம்பு கிடையாது. பெல்ஜியத்திலும் தலைக்கணக்கு இல்லை, ஆனால் வெளியே இருந்து வருகிறவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உயரமாக வைத்திருக்கிறார்கள், அதனால் கிளப் உங்களை வாங்கினால் ஆட வைக்கத்தான் வாங்கும்.

இங்கிலாந்துதான் கடினம். இப்போது புள்ளி முறை: தேசிய அணிக்கு ஆடிய ஆட்டங்கள், நீங்கள் ஆடிவரும் லீக்கின் தரம், அங்கே ஆடிய நிமிடங்கள் எல்லாவற்றையும் கூட்டி 15 புள்ளி வர வேண்டும் (புள்ளி எட்டாதவருக்குச் சில சிறப்பு இடங்கள் உண்டு, அதை நம்பித் திட்டம் போட முடியாது). முன்பு இருந்த முறையில் உங்கள் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70க்குள் இருக்க வேண்டும். 2009இல் இந்திய ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியை இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தும் ஒர்க் பெர்மிட் மறுக்கப்பட்டது இதனால்தான். அவர் ஆட்டத்தில் குறை சொல்லி யாரும் தடுக்கவில்லை, இந்தியாவின் ரேங்க் தடுத்தது. பிறகு 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்கும், 2012இல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணிக்கும் போனார், இரண்டு இடத்திலும் கிடைத்த ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தியாவுக்காக 90 கோலுக்கு மேல் அடித்தவருக்கே இந்த நிலை. அவர் அப்போதே பெல்ஜியம், நார்வே மாதிரி ஒரு நடுத்தர லீக்கில் வாரா வாரம் ஆடியிருந்தால் எங்கே போயிருப்பார் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

படி இறங்கத் தயங்காதீர்கள்

நைஜீரியாவின் விக்டர் ஒசிமென் 2015 பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் 10 கோல் அடித்தவர். நேரே ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் எடுத்துக்கொண்டது. அங்கே ஒரு கோல்கூட இல்லை, காயம் வேறு. 2018 கோடையில் மலேரியாவில் மெலிந்துபோய், பெல்ஜியத்தில் இரண்டு கிளப்புகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிறகு, ஷார்லரோவா என்ற கிளப் லோனில் (சொந்தக் கிளப்பின் ஒப்பந்தம் அப்படியே இருக்க, தற்காலிகமாக) எடுத்தது. பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ஒரே சீசனில் 20 கோல். உடனே பிரான்ஸின் லீல் கிளப், அடுத்த வருடம் இத்தாலியின் நாப்போலி, 2022-23இல் 26 லீக் கோலோடு இத்தாலியின் அதிக கோல் அடித்தவர், கிளப்புக்கு லீக் பட்டம். வோல்ஃப்ஸ்பர்க்கின் பெஞ்சிலேயே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இது எதுவும் இல்லை.

லோன் என்றதும் முகம் சுருங்குகிற பையன்கள் நிறைய. லோனில் போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். சம்பளத்தை யார் தருகிறார், இரண்டு கிளப்பும் பிரித்துக்கொண்டால் எந்தத் தேதிக்கு யார். அந்தக் கோச் ஒற்றை ஃபார்வர்ட் வைத்து ஆடுகிறாரா, இரண்டு பேரா. ஒற்றை ஆள் முறையில் ஏற்கெனவே ஊரின் செல்லப்பிள்ளை ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், போகாதீர்கள். இன்னொரு விதியும் இங்கே கடிக்கும்: ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் இரண்டுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆட முடியும். அவசரத்தில் மாறி மாட்டிக்கொண்டால் அரை வருடம் சும்மா.

கோச்சைப் பார்த்துக் கிளப் மாறுவதும் நல்ல உத்திதான். லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸை நம் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முப்பதைக் கடந்த பிறகு சென்னையின் எஃப்சிக்கு வந்து 2019-20இல் 15 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார். சீசன் நடுவில் வந்து அணியைத் தூக்கி நிறுத்திய கோச் ஓவன் கோய்ல் அடுத்த சீசன் ஜாம்ஷெட்பூருக்குப் போனபோது இவரும் கூடவே போனார். நமக்கு வருத்தம்தான், ஆனால் தன்னை எங்கே நிறுத்தினால் கோல் வரும் என்று தெரிந்த கோச்சை விடாமல் பிடித்துக்கொள்வது அந்த வயதில் சரியான கணக்கு.

கான்ட்ராக்ட்

புரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். கிளப் தருகிற மொழிபெயர்ப்பாளர் போதாது, நீங்கள் காசு கொடுத்து ஓர் ஆளிடம் காட்டுங்கள். பெரும்பாலான நாடுகளில் ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது, உறுப்பினரானால் அவர்களே படித்துச் சொல்வார்கள், அவற்றுக்கெல்லாம் மேலே ஃபிஃப்ப்ரோ என்ற உலகக் கூட்டமைப்பு உண்டு.

பார்க்க வேண்டியவை: சொன்ன தொகை வரி போகக் கைக்கு வருவதா, வரிக்கு முந்தியதா. இது ஒன்றே பாதிச் சம்பளத்தைத் தின்றுவிடும். வீட்டு வாடகையும் ஊருக்குப் போய்வர டிக்கெட்டும் எழுத்தில் இருக்கிறதா. காயம் பட்டால் முழுச் சம்பளம் எத்தனை மாதம், அறுவைச் சிகிச்சை யார் செலவு. "இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம்" என்ற வரி இருந்தால் அந்த உரிமை கிளப்புக்கு மட்டுமா, இருவருக்குமா. கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் குறையுமா. கோல் போனஸைப் பார்த்து மயங்க வேண்டாம், கோச் உங்களை உட்கார வைத்தால் போனஸ் பூஜ்யம், அதனால் நிலையான சம்பளத்தை உயர்த்திக் கேளுங்கள்.

சம்பளம் வராமல் போவது புலம்பெயர் ஆட்டக்காரருக்குப் புதிதல்ல. வாய்ச் சண்டை போடாதீர்கள், பயிற்சிக்குப் போகாமலும் இருக்காதீர்கள், போகாவிட்டால் தப்பு உங்கள் மேல் திரும்பும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்து மூலம் 15 நாள் கெடு கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. ஃபிஃபா தீர்ப்பாயத்தில் ஆட்டக்காரர் தொடுக்கும் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வங்கிக் கணக்கு அறிக்கை, கிளப் மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் போனில் மட்டும் வைக்காமல் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அதே மாதிரி, நிலைபெற்ற தொழில்முறை ஆட்டக்காரரை ஒரு சீசனின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இறக்கினார்கள் என்றால், சீசன் முடிந்த 15 நாளுக்குள் விலகவும் வழி இருக்கிறது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போடலாம். முடிந்த பிறகு ட்ரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் ஐரோப்பாவில் நீங்கள் சுதந்திரமாக நகர்வதற்கு பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மான் நடத்தி 1995இல் தீர்ப்பு வந்த வழக்குதான் காரணம். அந்த மனிதருக்கு அதனால் பெரிய லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

மருத்துவப் பரிசோதனையைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1996இல் இன்டர் மிலானுக்குப் போன நைஜீரிய ஸ்ட்ரைக்கர் கானுவுக்கு இதய வால்வில் கோளாறு என்று அங்கே நடந்த பரிசோதனையில்தான் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்து, திரும்பி வந்து, ஆர்சனலுக்கும் ஆடினார்.

முதல் ஆறு மாதம்

மொழி வகுப்பில் முதல் வாரமே சேருங்கள், இலக்கணம் அப்புறம் வரட்டும். ஆட்டத்தில் கத்துகிற சொற்கள் முதலில்: பின்னால் ஆள், திரும்பு, விடு, முன் கம்பம், பின் கம்பம். இவை காதில் விழுந்ததும் கால் நகர வேண்டும். கொரியாவிலிருந்து பதின்ம வயதில் ஹாம்பர்க் போன சோன் ஹியூங்-மின் ஜெர்மன் மொழியைச் சரளமாகப் பேசக் கற்றது அங்கே அவர் நிலைக்கப் பெரிய காரணம். அவரே 2015இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் போன முதல் சீசனில் லீக்கில் நாலு கோல்தான், ஜெர்மனிக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தார். இருந்தார். அடுத்த செப்டம்பரிலேயே பிரீமியர் லீக்கின் மாதச் சிறந்த வீரர், 2021-22இல் 23 கோலோடு லிவர்பூலின் சாலாவுடன் கோல்டன் பூட்டைப் பகிர்ந்துகொண்டார்.

ட்ரோக்பா கேங்காமுக்கு 2002 ஜனவரியில் போய் அந்த அரை சீசனில் 11 ஆட்டத்தில் 3 கோல், அடுத்த முழு சீசனில் 17. செல்சியில் முதல் இரண்டு சீசன் லீக்கில் 10, 12. மூன்றாவதில் 20. இடம் மாறிய ஸ்ட்ரைக்கருக்குக் கோல் தாமதமாகத்தான் வரும், அதுவரை அணியில் இடத்தைக் காப்பாற்ற வேறு எதையாவது தர வேண்டும்: முதுகைக் கொடுத்துப் பந்தைப் பிடித்து வைப்பது, எதிரணி டிஃபெண்டரை விரட்டிப் பந்தை வாங்குவது, கார்னரில் நம் பாக்ஸுக்கு இறங்கி வந்து தலையால் வெளியேற்றுவது. கோல் வராத வாரத்திலும் கோச் உங்கள் பெயரை எழுதுவது இதற்காகத்தான். அப்புறம், பந்து தருகிற ஆளோடு சிநேகம் பிடியுங்கள். கேங்காமில் ட்ரோக்பாவுக்கு ஃப்ளோரன் மலூதா வாய்த்தார், இருவரும் பின்னால் செல்சியிலும் சேர்ந்து ஆடினார்கள். பயிற்சி முடிந்த பிறகு விங்கரை (ஓரத்திலிருந்து பந்து தூக்கிப் போடுகிறவரை) நிறுத்தி "இன்னும் பத்து கிராஸ் போடு" என்று கேளுங்கள், அவன் எந்தக் காலால் எப்போது தூக்குவான் என்பது உங்கள் உடம்புக்குத் தெரிய வேண்டும்.

மைதானத்தில் இனவெறிக் கூச்சல் வந்தால் உடனே ரெஃபரியிடம் போய்ச் சொல்லுங்கள். ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பது, வீரர்களை உள்ளே அழைத்துப் போவது, கடைசியில் ஆட்டத்தையே கைவிடுவது என்று மூன்று கட்ட நடைமுறை இருக்கிறது. 2006இல் ஸ்பெயினின் சரகோசாவில் கேமரூன் ஸ்ட்ரைக்கர் சாமுவேல் எட்டோ இனவெறிக் கூச்சலால் மைதானத்தை விட்டு வெளியேறப் போனபோது ரெஃபரியும் சக வீரர்களும் அவரைச் சமாதானப்படுத்தி ஆட வைத்தார்கள். இன்று நீங்கள் தனியாக வெளியேற வேண்டியதில்லை, கேப்டனிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

எந்த நாட்டுக்கு ஆடுவது

புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய முடிவு. இன்யாகி வில்லியம்ஸ், நிக்கோ வில்லியம்ஸ் இருவரும் அண்ணன் தம்பி, பெற்றோர் கானாவிலிருந்து சகாராவைக் கடந்து ஸ்பெயினுக்கு வந்தவர்கள். தம்பி ஸ்பெயினுக்கு ஆடுகிறார், அண்ணன் ஸ்பெயினுக்கு ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு 2022இல் கானாவுக்கு மாறினார். போட்டித் தொடர் ஆட்டங்கள் கூடிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும், அதனால் பதினெட்டு வயதில் ஆசைப்பட்டு அவசரமாகத் தலையாட்டாதீர்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று: இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்து இந்திய அணிக்கு ஆட முடியாது, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுத்தால் ஐரோப்பாவில் மறுபடி மேலே சொன்ன வெளிநாட்டவர் கணக்கில் வந்துவிடுவீர்கள். இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, அதனால்தான் அண்மை வருடங்களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ந்தவர்கள் இலங்கை அணியில் தெரிகிறார்கள்.

தேசியக் கடமை வேறு வடிவத்திலும் வரும். கொரியர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு, சோன் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதால்தான் நீண்ட சேவையிலிருந்து தப்பினார், தோற்றிருந்தால் உச்சத்தில் இருந்த நேரத்தில் சுமார் இரண்டு வருடம் போயிருக்கும். ஆப்பிரிக்கக் கோப்பையும் ஆசியக் கோப்பையும் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி, ஐரோப்பிய சீசனுக்கு நடுவில் வரும். கிளப் உங்களை விட்டாக வேண்டும், ஆனால் திரும்பி வரும்போது உங்கள் இடத்தில் வேறு ஆள் இருப்பார். கையெழுத்துப் போடும்போதே கோச்சிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

முப்பதுக்குப் பிறகு

ட்ரோக்பா 2012 மே 19 அன்று மியூனிக்கில், சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் 88ஆவது நிமிடத்தில் தலையால் சமன் செய்து, கடைசி பெனால்டியையும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பிறகு ஷாங்காய், இஸ்தான்புல், மறுபடி செல்சி, மான்ட்ரியல், கடைசியாக ஃபீனிக்ஸ் ரைசிங். அந்தக் கடைசிக் கிளப்பில் ஆட்டக்காரர் மட்டும் இல்லை, பங்குதாரரும்கூட. எல்லோருக்கும் பங்கு வாங்கும் அளவுக்குக் காசு இருக்காது, சரி. ஆனால் கோச்சிங் லைசென்ஸ் படிப்பை ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம், கிளப்பே பல நேரம் செலவை ஏற்கும். கடைசி ஒப்பந்தத்துக்கு முன்னால் உங்கள் குடியிருப்பு அனுமதி எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வேலை ஒப்பந்தத்தோடு மட்டும் என்றால் சீசன் முடிந்ததும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டிவரும், நிரந்தரக் குடியிருப்புக்கு எத்தனை வருடம் தேவை என்று கணக்குப் போட்டு, தேவைப்பட்டால் சம்பளம் குறைந்தாலும் அதே நாட்டில் இன்னொரு வருடம் ஆடுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் உங்கள் பெயரில் கட்டிய சமூகப் பாதுகாப்புத் தொகையின் எண்ணையும் வரிச் சான்றையும் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஓய்வூதியம் கேட்கப் போகிற வயதில் அந்தக் கிளப்பே திவாலாகியிருக்கலாம்.